ஸ்கேன் மெஷினுக்கும் ஓர் எடைக்கல்

கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குகிறோம். தராசின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? முத்திரை குத்திய எடைக்கல் ஒன்றை அதில் வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ கல்லுக்குத் தராசு ஒரு கிலோ காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றம் தராசின் மேல். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

நண்பர்களே! பருப்புக்கு இருக்கிற இந்த நியாயம் நம் அப்பா அம்மாவின் உடம்புக்கு வேண்டாமா? 'கல் 11 மில்லிமீட்டர்' என்று ஸ்கேன் மெஷின் காட்டினால், அது நிஜமாகவே 11 தானா என்று எந்த எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது? அப்படி ஓர் எடைக்கல் இருக்கிறது. அதன் பெயர் பேண்டம். மனித உடம்பின் சதை, கொழுப்பு, எலும்பு போல நடந்துகொள்ளும் செயற்கைப் பொருள்களால் செய்த மாதிரி உடம்பு அது. அதைப் பற்றி நான் தேடித் தெரிந்துகொண்டதையும், நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்து பார்த்துப் பட்ட பாட்டையும் இங்கே எழுதுகிறேன்.

1. சந்தேகம் பிறந்த கதை

என் அப்பா ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஷிஃப்ட் பஸ் என்றால் நேரம் தவறக் கூடாது. வழியில் இறங்க நேரமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். கத்திரி வெயிலில் ஒரு நாள் இரவு விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். மறுநாள் ஒரு சென்டரில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்க் குழாயில் கல், 8 மி.மீ. என்றார்கள். வலி நிற்கவில்லை. நாலு நாள் கழித்து வேறொரு சென்டரில் எடுத்தோம். 11 மி.மீ. என்றார்கள்.

"நாலு நாள்ல கல்லு மூணு மில்லிமீட்டர் வளருமாடா? நீ படிக்கிறவன்தானே, சொல்லு" என்றார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 5 மி.மீ.க்குள் இருக்கிற கல் தானாக வெளியேறிவிட வாய்ப்பு அதிகம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உடைத்தோ உள்ளே கருவி விட்டோதான் எடுக்க வேண்டும். இடைப்பட்டது என்றால் டாக்டர் யோசித்துச் சொல்வார். அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. ஆபரேஷன் என்றால் செலவு ஒரு பக்கம், ஒரு மாதம் படுத்தால் வேறு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் இன்னொரு பக்கம். எங்கள் வீட்டுக்கு அந்த 3 மி.மீ. ஒரு வேலையின் அகலம்.

டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். கல்லை அளக்க அதுதான் நம்பகமானது என்றார். காலை ஆறரை மணிக்கே போய்விட்டோம். அப்பாவை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் டெக்னீஷியன் அண்ணன் ஒரு வட்டமான டப்பாவைத் தூக்கி வந்து படுக்கையின் தலைமாட்டில் மாட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி தெரிந்தது. மெஷின் சுற்றியது. திரையில் எண்களைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"இதுதான் தம்பி முதல் பேஷண்ட். இவர் பாஸ் ஆனாத்தான் உங்கப்பாவை உள்ளே விடுவேன்."

அன்று அப்பாவின் கல் 6 மி.மீ. என்று வந்தது. எட்டும் இல்லை, பதினொன்றும் இல்லை. மாத்திரையும் தண்ணீரும் மட்டும்தான். மூன்றாவது வாரம் கல் தானாகவே வெளியேறியது. அப்பா மறுபடி பஸ் ஏறிவிட்டார். எனக்கு மட்டும் அந்த வட்ட டப்பா மனசை விட்டுப் போகவில்லை.

2. யார் கண்ணுக்கு உடம்பு மாதிரி?

நம்ம ஒரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். கார் மோதல் சோதனைக்கான ஆய்வகமும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட சோதனையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மனிதனுக்குப் பதில் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். அதன் எடையும், கழுத்து வளைவதும், நெஞ்சு அமுங்குவதும் மனிதனைப் போலவே இருக்கும். முகத்தில் மூக்கு அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மோதலுக்கு எது முக்கியமோ அதில் மட்டும் அது மனிதனாக இருந்தால் போதும்.

பேண்டமும் அப்படித்தான். 'உடம்பு மாதிரி' என்றால் யார் கண்ணுக்கு மாதிரி என்று முதலில் கேட்க வேண்டும்.

எக்ஸ்ரேயும் சி.டி.யும்: கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதில் சதை போல இருக்க வேண்டும்.
அல்ட்ராசவுண்ட்: ஒலி என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு தேய்கிறது, எப்படிச் சிதறுகிறது என்பதில் சதை போல இருக்க வேண்டும்.
எம்.ஆர்.ஐ.: காந்தப் புலத்தில் நீரின் அணுக்கருக்கள் எவ்வளவு நேரத்தில் அமைதியாகின்றன என்பதில் சதை போல இருக்க வேண்டும்.

ஆகவே ஒரே பேண்டம் எல்லா மெஷினுக்கும் ஆகாது. எக்ஸ்ரே கண்ணுக்கு அசல் சதையாகத் தெரிகிற பிளாஸ்டிக், அல்ட்ராசவுண்ட் கண்ணுக்குச் சுவர் மாதிரி தெரியும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

3. எக்ஸ்ரேயின் கண்ணுக்கு

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. இ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினீயர். நமக்குப் பெருமையான செய்தி ஒன்று சொல்கிறேன்: அவர் படித்தது டிப்ளமோ! லண்டனில் ஃபாரடே ஹவுஸ் என்ற மின்பொறியியல் கல்லூரியில் டிப்ளமோ வாங்கியவர் 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய முதல் சோதனைக் கருவியை ஒரு லேத் பெட்டின் மேல்தான் அமைத்தார். ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்கவே ஒன்பது நாள் ஆனதாம். முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபரில். அதற்கு முன்னால் அந்த லேத் பெட்டில் படுத்தவை பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள், அதாவது பேண்டங்கள்.

அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஆலன் கார்மக். அவர் கதை இன்னும் சுவையானது. 1957-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அலுமினிய உருளை ஒன்றைச் சுற்றி மர வளையம் மாட்டி, அதைப் பேண்டமாக வைத்துக் கதிர் செலுத்தி அளந்தார். கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக வந்தது. நட்டநடுவில் மட்டும் சில புள்ளிகள் கொஞ்சம் விலகி நின்றன. பிறகு பட்டறையில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த உருளையின் நடுவில் சற்றே வேறான அலுமினியத்தால் ஒரு முளை இருந்திருக்கிறது! வெட்டிப் பார்க்காமலே, உள்ளே இருந்த முளையைக் கணக்கு காட்டிக் கொடுத்துவிட்டது. சி.டி. கண்டுபிடித்த முதல் 'கட்டி' ஒரு மெஷின் ஷாப் முளை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி கணக்குக்கு வருவோம். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்பார்கள். பொருளின் தடுப்பு அளவிலிருந்து தண்ணீரின் தடுப்பு அளவைக் கழித்து, தண்ணீரின் தடுப்பு அளவால் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். எனவே தண்ணீர் எப்போதும் 0. காற்று கழித்தல் 1000. அன்று காலை அந்த அண்ணன் பார்த்தது இதைத்தான். தண்ணீர் டப்பாவில் 0-க்குப் பக்கத்தில், நாலைந்து எண் முன்பின்னாக வந்தால் மெஷின் பாஸ்.

மற்ற பொருள்களுக்கும் இப்படி எண்கள் உண்டு. பாலித்தீன் சுமார் கழித்தல் 95; கிட்டத்தட்ட நம் உடம்புக் கொழுப்பு. அக்ரிலிக் சுமார் கூட்டல் 120. டெஃப்லான் 900-க்கு மேல். கெட்டி எலும்பு போல. நம் பட்டறை ஸ்கிராப் பெட்டியிலேயே ஒரு மனிதன் தூங்குகிறான் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. இந்தத் துண்டுகளை ஒரே வட்டில் பொருத்தி ஸ்கேன் செய்தால், கொழுப்பை மெஷின் கொழுப்பாகப் பார்க்கிறதா, எலும்பை எலும்பாகப் பார்க்கிறதா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கதிரின் அளவையும் பேண்டத்தில்தான் அளக்கிறார்கள். தலைக்கு 16 செ.மீ. விட்டம், உடம்புக்கு 32 செ.மீ. விட்டம் உள்ள அக்ரிலிக் உருளைகள் உலகம் முழுக்க ஒரே அளவு. நடுவில் ஒரு துளை, விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே நாலு துளைகள். அவற்றில் பென்சில் மாதிரி ஒரு கதிர் அளவியைச் செருகி அளப்பார்கள். நடு அளவில் மூன்றில் ஒரு பங்கும், விளிம்பின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கும் கூட்ட வேண்டும். உதாரணமாக நடுவில் 12, விளிம்பில் 24 மில்லிகிரே என்றால், 4 கூட்டல் 16, ஆக 20 மில்லிகிரே. துளை ஒன்று 2 மி.மீ. தள்ளி விழுந்தால்கூட இந்தக் கணக்கு பிசகும். டிரில்லிங் மெஷினில் நிற்கிறவன் கையிலும் நோயாளியின் பாதுகாப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெண்களின் மார்பக எக்ஸ்ரேக்கு வேறொரு பேண்டம். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் பழைய வடிவத்தில், 4.2 செ.மீ. தடிப்பாக அழுத்திய மார்பகத்துக்குச் சமமான கட்டைக்குள் 6 நார், 5 பொடிக் கூட்டம், 5 கட்டி என்று 16 பொருள்களை, பெரியதிலிருந்து சிறியது வரை ஒளித்து வைத்திருப்பார்கள். படத்தில் குறைந்தது 4 நாரும், 3 பொடிக் கூட்டமும், 3 கட்டியும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெஷின் ஃபெயில். ஒரு தாயின் மார்பில் புற்று மிளகளவில் இருக்கும்போதே கண்டுபிடிப்பதா, எலுமிச்சையளவில் வளர்ந்த பிறகா என்பது அந்தக் கட்டைக்குள் ஒளிந்திருக்கிற பொடிகளில் தெரிந்துவிடும்.

4. ஒலியின் கண்ணுக்கு: எங்கள் அகர் பெட்டி

எங்கள் புராஜெக்ட் அல்ட்ராசவுண்ட் பேண்டம். காரணம், அப்பாவின் 8-ம் 11-ம் வந்தது அல்ட்ராசவுண்டில்தான். இன்னொரு காரணம், கையில் காசு கிடையாது. வெளிநாட்டுப் பேண்டங்கள் லட்சக் கணக்கில் விலை.

அல்ட்ராசவுண்ட் மெஷின் நீளத்தை நேராக அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைப் பார்த்து, 'சதையில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் போகும்' என்று வைத்துக்கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. அந்த 1540 மெஷினின் நம்பிக்கை. ஆகவே பேண்டத்தில் ஒலி 1540-ல் போனால்தான் அது நியாயமான எடைக்கல்.

சதைக்குப் பதில் எது? 1978-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மேட்சன் குழுவினர் ஜெலட்டினில் கிராஃபைட் தூள் கலந்து செய்து காட்டினார்கள். பிறகு அகர் வந்தது. அகர் என்றால் பயப்பட வேண்டாம். மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் நடுங்குகிற அதே கடல்பாசி. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கடலில் மூழ்கிப் பெண்கள் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பது. மதுரைப் பக்கத்தில் இதற்குத் தொழிற்சாலைகளும் உண்டு. நம் கடலில் விளைகிற சரக்கு!

ஓர் அக்ரிலிக் பெட்டி செய்து, இரண்டு பக்கச் சுவரிலும் 10 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, 0.2 மி.மீ. தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினோம். துளைகளின் இடைவெளியை மில்லிங் மெஷினின் டிஜிட்டல் ரீடிங்கில் வைத்துப் போட்டதால் அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 100-க்கு 3 என்ற எடையில் அகரைத் தண்ணீரில் காய்ச்சி, கிராஃபைட் தூள் தூவி, உள்ளே ஊற்றி ஆறவிட்டோம். கறுப்பு அல்வா தயார்.

மெஷினுக்கு எங்கே போவது? 1994-ல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி அல்ட்ராசவுண்ட் மெஷின் பதிவு பெற்ற இடத்தில், தகுதி பெற்றவர் கையில்தான் இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஒன்று வாங்கிப் போட்டு நாம் விளையாட முடியாது. நாம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஒரு டாக்டர் மேடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கொடுத்தார். குளிர்சாதன அறை, 23 டிகிரி. மேடமே புரோபைப் பிடித்தார். முதல் நரம்புக்கும் பதினொன்றாவது நரம்புக்கும் நடுவே 100 மி.மீ. இருக்க வேண்டும். திரையில் 103.

எங்களுக்கு ஒரே குஷி. "மேடம், உங்க மெஷின் தப்பு காட்டுது" என்றான் நண்பன். மேடம் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பெட்டிக்குள்ள ஒலி என்ன வேகத்துல போகுது தம்பி?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். 23 டிகிரியில் தண்ணீரில் ஒலியின் வேகம் சுமார் 1491. அகர் அதைக் கொஞ்சம்தான் கூட்டும். 1540-ஐ 1491-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 103.3. மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தராசைச் சோதிக்கப் போனவன் கையில் எடைக்கல்லே தப்பு! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மெஷினைக் குற்றம் சொல்வது எவ்வளவு சுலபம், குற்றம் சொல்லத் தகுதி வருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

வேகத்தைக் கூட்டக் கிளிசரின் சேர்க்க வேண்டும். பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழுவின் தரத்தில் பயன்படும் கலவையில் 100-க்கு 11 பங்கு கிளிசரின், 3 பங்கு அகர், மிகப் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கான் கார்பைடும் தூளாக, பூசணம் வராமலிருக்கச் சிறிது மருந்து. 22 டிகிரியில் வேகம் 1540-ஐ ஒட்டி வரும். இந்த முறை நாங்கள் ஏமாறத் தயாரில்லை. அதே கலவையில் 50 மி.மீ. தடிப்புக் கட்டி ஒன்றைத் தனியாக ஊற்றி, வெல்டிங் சோதனைக்கு வைத்திருக்கிற ஃபிளா டிடெக்டரில் வைத்துப் பார்த்தோம். போய்த் திரும்ப 65 மைக்ரோ விநாடி. 100 மி.மீ. தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 1538 மீட்டர். எடைக்கல்லுக்கு நாங்களே முத்திரை குத்திக்கொண்டோம்.

மறுபடி மேடத்திடம் போனோம். 100 மி.மீ.க்குத் திரையில் 100. அப்போதுதான் நான் எதற்காக இதை ஆரம்பித்தேனோ அது கண்ணில் பட்டது. ஆழவாக்கில் நரம்புகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் பக்கவாட்டில், 0.2 மி.மீ. நரம்பு புள்ளியாகத் தெரியாமல் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளக் கோடாகத் தெரிந்தது. மேடம் கெயினைக் கூட்டினார், கோடு இன்னும் அகன்றது. குறைத்து, ஃபோகஸை அந்த ஆழத்துக்குக் கொண்டு வந்தார், கோடு பாதியாகச் சுருங்கியது. ஒலிக்கற்றைக்கு ஓர் அகலம் உண்டு. ஒரு பொருளின் மேல் அந்தக் கற்றை படுகிற நேரமெல்லாம் பொருள் இருப்பதாகவே மெஷின் வரைகிறது. ஆகவே சின்னக் கல் பக்கவாட்டில் பெரிதாகத் தெரிவது இயல்பு.

அப்பாவின் கல் இதனால்தான் 8-ஆகவும் 11-ஆகவும் தெரிந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு சென்டர், இரண்டு கை, இரண்டு கோணம். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். வேகக் கணக்குத் தப்பினால் 10 மி.மீ.யில் அரை மி.மீ.கூட வராது. பக்கவாட்டு அகலமும் கெயினும் சேர்ந்தால் 3 மி.மீ. தாராளமாக வரும். அப்பா கேட்ட கேள்விக்கு ஒரு வருஷம் கழித்து என்னால் பதில் சொல்ல முடிந்தது: "கல் வளரலப்பா, படம்தான் அகலமாயிருக்கும்."

5. காந்தத்தின் கண்ணுக்கு

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குப் பிளாஸ்டிக் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது. அதற்கு நீர் வேண்டும். வெறும் நீர் அமைதியாக அதிக நேரம் எடுக்கும். அதனால் நிக்கல் குளோரைடு அல்லது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சிறிதளவு கரைத்து அந்த நேரத்தைச் சதையளவுக்குக் குறைக்கிறார்கள். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் பெரிய பேண்டம் உள்நீளம் 148 மி.மீ., உள்விட்டம் 190 மி.மீ. உள்ள உருளை, உள்ளே நிக்கல் குளோரைடும் உப்பும் கரைந்த நீர். படத்தில் 190 என்பது 190-ஆக வருகிறதா, வட்டம் வட்டமாக வருகிறதா, முட்டையாகிறதா என்று பார்ப்பார்கள். மூளை ஆபரேஷனுக்குப் படத்தை நம்பிக் கருவி விடுகிற டாக்டருக்கு அந்த வட்டம் முட்டையாகிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

6. பட்டறையில் கவனிக்க வேண்டியவை

செய்ய ஆசைப்படும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு, நாங்கள் கெடுத்த பொருள்களிலிருந்து சில பாடங்கள்.

அ) அக்ரிலிக்கைக் கடைசல் பிடிக்கும்போது சூடேற விடாதீர்கள். கூரான டூல், மெல்லிய வெட்டு, சோப்புத் தண்ணீர் அல்லது காற்று. துடைக்கத் தின்னர், ஸ்பிரிட் கூடவே கூடாது. மறுநாள் காலையில் சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருக்கும். கடைசலுக்குப் பின் 80 டிகிரி வாக்கில் சில மணி நேரம் ஓவனில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் உள்ளிறுக்கம் போகும்.

ஆ) குமிழிதான் முதல் எதிரி. தண்ணீர் போன்ற ஜெல்லில் 100-க்கு 1 பங்கு காற்று கலந்தால் தடுப்பு அளவு 0.99 ஆகும். அதாவது ஹவுன்ஸ்ஃபீல்டு எண் கழித்தல் 10. நாலைந்துதான் அனுமதி என்னும்போது, மெஷின் பாஸாக இருந்தாலும் உங்கள் பேண்டம் அதை ஃபெயில் ஆக்கிவிடும். ஒலிக்கோ ஒரு குமிழியே சுவர். கொதிக்க வைத்து ஆற்றிய நீரை எடுத்து, நிதானமாக, பெட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். வாக்குவம் பம்ப் இருந்தால் உத்தமம்.

இ) கிளறுவதை நிறுத்தினால் தூள் அடியில் தங்கிவிடும். அகர் உறைய ஆரம்பிக்கும் வரை பெட்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது பெட்டி மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று வந்ததற்குக் காரணம், நடுவில் நாங்கள் டீ குடிக்கப் போனதுதான்.

ஈ) அகர் காய்ந்து சுருங்கும். மூடி வைத்து, எடையைத் தேதியோடு எழுதி வையுங்கள். எடை குறைந்தால் நீர் போய்விட்டது. அந்த எடைக்கல்லை இனி நம்பக் கூடாது.

உ) எந்த அளவோடும் வெப்பநிலையைச் சேர்த்து எழுதுங்கள். வெப்பநிலை எழுதாத ரீடிங், ஸ்கேல் போடாத டிராயிங்.

7. நம்ம ஊருக்கு என்ன?

இருங்காட்டுக்கோட்டையில் கார், வல்லம் வடகாலில் பைக், ஒரகடத்தில் லாரி என்று நம் பகுதியை உலகத்துக்குத் தெரியும். மருத்துவக் கருவிகளும் இங்கே புதிதல்ல. சென்னையின் டிரைவிட்ரான் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் மருத்துவத் தொழில்நுட்பப் பூங்கா அமைத்து, ஜப்பானின் அலோகாவோடு கூட்டாக அல்ட்ராசவுண்ட் தயாரிப்பில் இறங்கியது. ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கும் தமிழக அரசின் திட்டத்துக்கு 2021-ல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று.

கருவி செய்தால் மட்டும் போதாது. அது சரியென்று காட்ட வேண்டும். 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் அதைக் கேட்கின்றன. எக்ஸ்ரே, சி.டி. மெஷின்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை தரச் சோதனை கட்டாயம் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அந்தச் சோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேண்டம் வேண்டும். அல்ட்ராசவுண்டில் கதிர் இல்லை என்பதால் அது அந்த வாரியத்தின் கீழ் வருவதில்லை. ஆனால் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதற்கும் அளவு சொல்லியிருக்கிறது: ஆழவாக்கில் 1.5 மி.மீ. அல்லது 1.5 சதவீதம், பக்கவாட்டில் 2 மி.மீ. அல்லது 2 சதவீதத்துக்கு மேல் பிழை கூடாது. நரம்பு கட்டிய ஒரு பெட்டி இருந்தால் எந்தச் சின்ன ஊர் சென்டரிலும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அக்ரிலிக் கடைய நமக்குத் தெரியும். அச்சு வார்க்கத் தெரியும். அளவு பார்க்கத் தெரியும். முப்பரிமாண பிரிண்டரில் உள்நிரப்பைக் குறைத்து நுரையீரல் போலக் காற்றோட்டமாக அச்சிடவும் இப்போது பலர் கற்றிருக்கிறார்கள். கெமிக்கல் பிரிவுத் தோழர்களுக்குக் கலவை தெரியும். எலக்ட்ரானிக்ஸ் தோழர்களுக்கு எதிரொலி தெரியும். ஒரே டிபார்ட்மென்டால் ஆகாத வேலை இது; எல்லோரும் சேர்ந்தால் ஆகாதது எதுவும் இதில் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது ஸ்கேன் எடுக்கப் போனால், சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் மரியாதையாக, "இந்த மெஷினுக்குத் தரச் சோதனை எப்போ சார் செஞ்சாங்க?" என்று கேளுங்கள். நல்ல சென்டர் சந்தோஷமாகப் பதில் சொல்லும். எங்கள் மேடம் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. "இது இங்கேயே இருக்கட்டும் தம்பி, மாசம் ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்று அலமாரியில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் அகர் சுருங்கிவிடும் என்று சொன்னேன். "அப்ப வந்து புதுசு ஊத்திக் குடு" என்றார். அடுத்த பெட்டியை ஊற்றப் போவது இரண்டாமாண்டுத் தம்பிகள். கிளிசரின் மறக்காதீர்கள்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு